மின்கட்டணம் செலுத்தும் நாங்கள் உரிமையாளர்களும் ஆவது எப்படி?

கேள்வி:

வணக்கம். டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரிலிருந்து, அதற்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூருக்கு அண்மையில் குடிபெயர்ந்தோம். இங்கு மின்சாரம் வழங்குவது ஒரு கூட்டுறவுச் சங்கம். எங்களை உறுப்பினர் என்றும் உரிமையாளர் என்றும் குறிப்பிட்டு, இயக்குநர் தேர்தலுக்கான வாக்குச்சீட்டையும் அனுப்பியிருக்கிறார்கள். என் கணக்கில் 'மூலதன வரவு' என்று ஒரு தொகையும் இருக்கிறது. இந்த உரிமை பெயரளவிலானதா? ஊருக்கு இதனால் உண்மையில் என்ன பயன்?

முதல் பதில்:

நீங்கள் குடியேறியிருக்கும் பகுதியின் வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது. 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் கிடைத்திருந்தது. வீடுகள் தொலைவில் சிதறிக் கிடந்ததால், கம்பி இழுக்கும் செலவுக்கு வருமானம் ஈடாகாது என்று தனியார் நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. 1935 மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் ஊரக மின்மய நிர்வாகம் என்ற அரசு அமைப்பை உருவாக்கினார். மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி நீண்டகாலக் கடன் கிடைத்தபோது, அதைப் பெற்றுக் கம்பம் நட முன்வந்தவர்கள் பெரும்பாலும் உழவர்கள் கூடி அமைத்த சங்கங்களே. ஆஸ்டினுக்கு மேற்கே உள்ள மலைநாட்டுப் பெண்கள் கிணற்றிலிருந்து நீர் இறைத்துச் சுமந்து, விறகடுப்பில் இரும்பைச் சூடாக்கித் துணி தேய்த்த காலம் அது. அங்கு 1938இல் பெடர்னலஸ் மின் கூட்டுறவுச் சங்கம் உருவாக, அப்போது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த, பின்னாளில் அதிபரான லிண்டன் ஜான்சன் பெரிதும் பாடுபட்டார். 1950களின் நடுப்பகுதிக்குள் நாட்டின் பெரும்பாலான பண்ணைகளில் விளக்கெரிந்தது. லாபத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டிருந்தால் இத்தனை விரைவில் இது நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாம் பதில்:

மூலதன வரவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆண்டு முடிவில் செலவு போக மிஞ்சும் தொகையை, ஒவ்வோர் உறுப்பினரும் வாங்கிய மின்சாரத்தின் அளவுக்கேற்பப் பிரித்து அவரவர் பெயரில் எழுதிவைப்பார்கள். அந்தப் பணம் சில காலம் மின்கம்பம், மின்மாற்றி போன்றவற்றுக்கான முதலீடாகச் சங்கத்திடமே இருக்கும்; நிதிநிலை இடம் கொடுக்கும்போது, பழைய ஆண்டுகளின் வரவிலிருந்து தொடங்கித் திருப்பித் தருவது பரவலான வழக்கம். சில சங்கங்களில் இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஊரை விட்டுப் போனாலும் உரிமை போகாது என்பதால், புதிய முகவரியைத் தெரிவித்துவிட்டுச் செல்லுங்கள்.

மூன்றாம் பதில்:

மேலே சொல்லப்பட்டவற்றை ஏற்கிறேன். ஆனால் உரிமை தானாகவே இயங்கிவிடாது. எத்தனை மின்சாரம் வாங்கினாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்பது சிறந்த ஏற்பாடுதான் என்றாலும், பல சங்கங்களில் மிகச் சிலரே வாக்களிக்கிறார்கள். பெடர்னலஸ் சங்கத்திலேயே 2007இல் உறுப்பினர்கள் சிலர் நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். அதன் பிறகே, 2008இல், இயக்குநர் பதவிகளுக்குப் பலர் போட்டியிடும் தேர்தல் நடந்தது. எந்த மின்நிலையத்திடமிருந்து எத்தனை ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்குவது, ஊருக்கு அகல அலைவரிசை இணையம் கொண்டுவருவதா என்பன போன்ற முடிவுகள் அந்த இயக்குநர்களின் கையில்தான் இருக்கின்றன. ஆகவே வேட்பாளர்களின் குறிப்புகளைப் படித்து, உங்கள் வாக்குச்சீட்டைக் கடைசித் தேதிக்குள் தவறாமல் அனுப்பிவிடுங்கள்.