கனடாவுக்குக் குடிபெயர்கிறேன்: தாலிக்கொடி, சீதனப் பாத்திரம் எல்லாம் சுங்கத்தில் எப்படிக் காட்டுவது?

கோண்டாவில் பிள்ளை:
வணக்கம். கணவர் ஸ்பொன்சர் செய்து எனக்கு நிரந்தர வதிவிட விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் ரொறன்ரோ போகிறேன். கலியாணம் முடிந்து ஒன்றரை வருடம். தாலிக்கொடி, காப்பு, சங்கிலி எல்லாம் கையோடு வரும். அம்மா தந்த குத்துவிளக்கு, பாத்திரங்கள், சேலைகள் பிறகு கப்பலில் வரும். பாத்திரங்கள் இன்னும் பெட்டி பிரிக்கவில்லை. நகைக்கு வரி கேட்பார்களா? மாமி ஒருவர், “போட்டுக்கொண்டு போ, ஒன்றும் சொல்லாதே” என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. தன் மகளிடம் கொடுக்கச் சொல்லி ஒரு சங்கிலியும் தந்திருக்கிறார்.

ஸ்காபரோ அண்ணா:
தங்கச்சி, நகையை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. குடியேற வருபவர் தன் சொந்தப் பொருளை வரியில்லாமல் கொண்டு வரலாம், நகையும் அதில் அடக்கம். அது உங்களுடையதாக, உங்கள் கைவசம் இருந்து, வருவதற்கு முன்பே பாவித்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் போட்டுத் திரிந்த கொடி பாவித்த பொருள்தானே.

முக்கியமானது பட்டியல். இரண்டு பிரதி எடுங்கள். கையோடு வருவது ஒரு பகுதி, பின்னால் வருவது இன்னொரு பகுதி. பெறுமதி எழுதுங்கள், மின்பொருள் என்றால் மொடல், தொடர் இலக்கமும் வேண்டும். சொந்தப் பொருட்களைக் காட்டும் பி.எஸ்.எஃப். 186 என்ற கனடா சுங்கப் படிவத்தை முன்கூட்டியே நிரப்பலாம். நான் வந்தபோது கப்பல் பெட்டிகளைப் பட்டியலில் போடாமல் விட்டேன். பிறகு வந்த சாமானுக்கு வரி கட்டினேன். இன்றும் மனம் வேகிறது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நல்லூர் அக்கா:
நகைக்கு ஒன்று சேர்க்கிறேன். கஸ்தூரியார் வீதியில் நகை செய்த கடையிலேயே எத்தனை பவுண், என்ன வேலைப்பாடு, என்ன பெறுமதி என்று மதிப்பீட்டுக் கடிதம் வாங்குங்கள். ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, அந்தப் படத்தில் கடைக்காரரின் கையெழுத்தும் திகதியும் வாங்கிவிடுங்கள். “தங்கச் சங்கிலி ஒன்று” என்று மட்டும் எழுதினால் போதாது.

பெட்டி பிரிக்காத பாத்திரம்தான் சிக்கல். கலியாணப் பரிசுக்கும் சீதனச் சாமானுக்கும் ‘பாவித்திருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை இல்லை, ஆனால் வருவதற்கு முன் மூன்று மாதத்துக்குள் கலியாணம் நடந்திருக்க வேண்டும், அல்லது வந்து மூன்று மாதத்துக்குள் நடக்க இருக்க வேண்டும். உங்களுக்கு அது தாண்டிவிட்டது. இன்றைக்கே பெட்டியைப் பிரித்துச் சமையுங்கள், விளக்கையும் ஏற்றுங்கள். போகும்வரை உண்மையாகவே வீட்டில் புழங்கட்டும்.

மாமியின் சங்கிலி உங்களுடையது அல்ல. அதை உங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டாம். திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. கொண்டு போவதாக இருந்தால் வேறொருவருக்கானது என்று தனியாகச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ அண்ணா:
அக்கா சொன்னது சரி. இன்னும் சில. மொன்றியலில் விமானம் மாறினால் சுங்கம் அங்கேயே, ரொறன்ரோவில் அல்ல. ஆகவே பட்டியல் கைப்பையில் இருக்கட்டும். காசு 10,000 கனடா டொலரோ அதற்கு மேலோ இருந்தால் அறிவிக்க வேண்டும். ஒடியல், மிளகாய்த்தூள், கருவாடு என்று எந்த உணவானாலும், விதை, செடியானாலும் சொல்லியே ஆக வேண்டும். வரியில்லாமல் கொண்டு வந்ததை 12 மாதத்துக்குள் விற்றால் வரி கட்ட வேண்டிவரும். முத்திரை குத்தித் தரும் பிரதியைப் பத்திரமாக வையுங்கள், கப்பல் சாமான் எடுக்க அதைத்தான் கேட்பார்கள்.

கோண்டாவில் பிள்ளை:
மிக்க நன்றி அண்ணா, அக்கா. சங்கிலியை மாமியிடம் கொடுத்துவிட்டேன், கொஞ்சம் கோபம்தான். பெரிய பானையில் இன்று பொங்கினோம், அம்மா விளக்கும் ஏற்றினார். நாளை கஸ்தூரியார் வீதிக்குப் போகிறேன். பட்டியலைத் தமிழில் எழுதலாமா?

நல்லூர் அக்கா:
ஆங்கிலத்தில் எழுதுங்கள் பிள்ளை. ‘தாலிக்கொடி’ என்பதை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டு, பக்கத்தில் திருமணத் தங்கச் சங்கிலி என்று விளக்கம் எழுதினால் போதும்.