318ஐ – காலையில ஸ்டார்ட் பண்ணினா கடகட சத்தம் (அவசரம்)

வாவிக்கரை:
வணக்கம். பிஎம்டபிள்யூ 318ஐ. காலையில முதல் ஸ்டார்ட்டில முன்பக்கம் கடகடன்னு சத்தம், பிறகு நிக்குது. கராஜில டைமிங் செயின் (வேல்வையும் பிஸ்டனையும் ஒரே கணக்கில ஓட வைக்கிற செயின்) செட் முழுசா மாத்தச் சொல்றாங்க. நாளைக்கு ஒராள் கொழும்புக்குப் போறார், அங்க பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடையில எடுக்கச் சொல்லலாம். என்னெண்டு கேக்க? கெதியா சொல்லுங்க.

கல்முனை ஸ்பானர்:
எந்த வருசம்? எத்தன சிசி? சத்தம் எத்தன செக்கன்? என்ன ஒயில் கிடக்கு? வெறும் 318ஐ எண்டு கேட்டா கடைக்காரர் கைக்கு வந்ததத் தருவார்.

செங்கலடி சந்தி:
92 ஒக்டேன் பெற்றோல்தானே அடிக்கிறீங்க மச்சான்? எஞ்சின் தட்டும். 95 அடிச்சுப் பாருங்க.

பழைய எம்10:
இதையே எத்தன தரம் எழுதுறது? 318 எண்டது பூட்டில ஒட்டின எழுத்து. எஞ்சினுட பேரில்ல. 1975இல முதல் 318 வந்தது எம்10 எண்ட எஞ்சினோட. 1987இல எம்40, அதுக்கு பெல்ட். 1993இல எம்43, திரும்பவும் செயின். ஈ46 எண்ட பொடி மொடல் 1998இல வந்தப்போ அதே எம்43தான், 1895 சிசி, எட்டு வேல்வ். 2001 கடைசியில முகம் மாத்தினதோட என்42: 1995 சிசி, பதினாறு வேல்வ், வேல்வ் திறக்கிற அளவ மாத்துற வேல்வ்ட்ரொனிக். 2004இல என்46. பிறகு அடுத்த மொடல் ஈ90க்கும் அதுதான் போச்சு, ஐரோப்பாவில மட்டும் 2007இல நேரடி இன்ஜெக்ஷன் என்43. 2015 எஃப்30 மொடல் 318ஐ மூணு சிலிண்டர், 1499 சிசி டர்போ. இதில எது தம்பி உங்கட?

வாவிக்கரை:
2002. ஓட்டோ கியர். சத்தம் ரெண்டு மூணு செக்கன். போன மாசம் ஒயில் மாத்தின இடத்தில 20டபிள்யூ50 போட்டாங்க. சிசி தெரியா.

கல்முனை ஸ்பானர்:
2002 எண்டது பதிஞ்ச வருசமா, செஞ்ச வருசமா? 2001இல செஞ்சு அடுத்த வருசம் பதிஞ்ச கார் எம்43ஆவும் இருக்கலாம். வாகனப் புத்தகத்தில சிசியப் பாருங்க. 1895 எண்டா எம்43, 1995 எண்டா என்42. 1796 எண்டு கிடந்தா அது 316ஐ, எழுத்த யாரோ மாத்தி ஒட்டியிருக்காங்க. செசி நம்பரில கடைசி ஏழு எழுத்தையும் போற ஆளிட்டக் குடுத்து விடுங்க, அதுக்குத்தான் சாமான் நம்பர் வரும்.

என்42 எண்டா முதல்ல செயின் செட் எடுக்க வேணாம். ரெண்டு மூணு செக்கனில நிக்கிற சத்தம் பெரும்பாலும் டென்ஷனர், ஒயில் அழுத்தத்தில செயின இறுக்கிப் பிடிக்கிற சாமான். ராவில ஒயில் இறங்கிருது, பம்ப் திரும்ப நிரப்பும் வரைக்கும் செயின் தளர்ந்து அடிக்கும். திருத்தின டென்ஷனர் பிஸ்டன் பிறகு வந்தது, அதையும் புது சீல் ரிங்கையும் எடுங்க. வெளியில இருந்தே கழட்டலாம், வேல்வ் கவர் திறக்கத் தேவையில்ல. 20டபிள்யூ50ஐ இண்டைக்கே வடிங்க. ஃபில்டரோட 4.25 லீற்றர் பிடிக்கும். பேணியில பிஎம்டபிள்யூ ஒயில் தரமான லோங்லைஃப்-01 எண்டு போட்ட 5டபிள்யூ30 இல்லாட்டி 5டபிள்யூ40.

சூடாகியும் சத்தம் நிக்கல்ல எண்டா கதை வேற. அது கைட், செயின் உரசி ஓடுற வழிகாட்டி. பிளாஸ்டிக், காலம் போக உடையும்.

காத்தான்குடி கூலன்ட்:
காக்கா, நம்மட வெயிலுக்கு 5டபிள்யூ30 தண்ணி மாதிரி ஓடிருமே. 20டபிள்யூ50 போட்டா எஞ்சின் அமைதியாத்தானே ஓடுது?

கல்முனை ஸ்பானர்:
வெயிலுக்கு டபிள்யூக்குப் பின்னுக்கு இருக்கிற நம்பர்தான் கணக்கு, முன்னுக்கு இருக்கிறது ஆறின எஞ்சினுக்கு. தடிச்ச ஒயில் டென்ஷனருக்கும், வேல்வ் திறக்கிற நேரத்த மாத்துற வானோஸுக்கும் பிந்தித்தான் போகும். காலையில கேக்கிறது அந்தப் பிந்தினதும் சேர்ந்துதான்.

செங்கலடி சந்தி:
95ப் பத்தி ஒருத்தரும் பேசல்ல.

பழைய எம்10:
ஒக்டேன் கொறைஞ்ச தட்டல் ஏத்தத்தில, பாரத்தில அழுத்தும்போது கேக்கும். சும்மா நிக்கிற காரில, ஸ்டார்ட் பண்ணின உடன கேக்காது. தட்டலக் கண்டுபிடிக்கிற நொக் சென்சர் எதுக்கு இருக்கு?

செங்கலடி சந்தி:
மண்முனைப் பாலத்தில ஏறும்போது தட்டுதா எண்டு அவரிட்டக் கேட்டீங்களா?

பழைய எம்10:
பாலம் ஒரு ஏத்தமா?

வாவிக்கரை:
1995 சிசி. ஒயில் வடிச்சிட்டன். தட்டில பழுப்பு நிற பிளாஸ்டிக், அரிசி அளவில நாலஞ்சு துண்டு. ஒரு பக்கம் வழுவழுப்பு, மற்றப் பக்கம் உடைஞ்ச விளிம்பு. டென்ஷனர் மட்டும் சொல்லியிருக்கன்.

கல்முனை ஸ்பானர்:
டென்ஷனர் மட்டும் பத்தாது. அது கைட்டுட துண்டு. மிச்சம் சம்பில (எஞ்சினுக்கடியில இருக்கிற ஒயில் தொட்டி) கிடந்து ஒயில் உறிஞ்சிற வலைய அடைச்சா எஞ்சின் பிடிச்சிரும். ஸ்டார்ட் பண்ண வேணாம். போற ஆளுக்கு இப்பவே கோல் எடுங்க: கைட் செட், செயின், வேல்வ் கவர் கேஸ்கட், சம்ப் கேஸ்கட். இதில சம்ப் இறக்க முன் கீழ இருக்கிற சப்ஃபிரேம் சட்டத்தையும் இறக்கணும், கூலி பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்க. காமையும் (வேல்வத் திறக்கிற தண்டு) கிராங்கையும் (பிஸ்டன் சுத்துற தண்டு) அசையாம லொக் பண்ற டூல் இல்லாத கராஜில செயின்ல கை வைக்க விட வேணாம். பல்லு மாறினா வேல்வ் பிஸ்டனில இடிக்கலாம்.

வாவிக்கரை:
சரி அண்ணன். கோல் எடுத்தன், பஸ் ஏறிட்டாராம்.

செங்கலடி சந்தி:
அந்த லொக் டூல் யாரிட்ட இருக்கு மட்டக்களப்பில? அதச் சொல்லுங்க முதல்ல.