ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ரீங்காரம், எர்த் சிக்கலா?

மதுரை, 2014 ஸ்விஃப்ட் டீசல். மூன்று வாரம் முன்பு டிக்கியில் 4 சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போட்டதிலிருந்து ஸ்பீக்கரில் காதோரம் கொசு பறப்பது மாதிரி ஒரு சத்தம், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க சுருதி ஏறுகிறது, என்ஜினை அணைத்தால் நின்றுவிடுகிறது.

எர்த் வயர் முதலில் சீட் பெல்ட் போல்ட்டில் இருந்தது. அதைக் கழற்றி, டிக்கி தரையில் தகடு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து அங்கே முடுக்கினேன், ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளையும் பவர் வயரை விட்டுப் பிரித்து மறுபக்கமாக இழுத்தேன். மாற்றமே இல்லை. ஆர்சிஏவைப் பிடுங்கினால் மட்டும் சுத்தமாக நிற்கிறது. அப்புறம், பாட்டைச் சத்தமாக வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்ப் எர்த்துக்கும் நடுவே 0.3 வோல்ட்.

ஹெட் யூனிட் (டாஷ்போர்டு ஸ்டீரியோ) எர்த்தை ஆம்ப் எர்த் இருக்கும் இடத்துக்கே இழுப்பதா, இல்லை பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்குத் தடித்த வயர் போடுவதா, எதை முதலில் செய்யலாம்?