ஆர்டர் கிளாஸுக்கு ஸ்டேட் டயகிராம்: ரத்து அம்புகள், 15 நிமிட டைமர்

கேள்வி

ஆர்டர் கிளாஸில் இப்போது பணம் வந்தது, பேக் ஆனது, அனுப்பியது, ரத்து என 4 பூலியன்கள் (ஆம்/இல்லை மதிப்புகள்) இருக்கின்றன. 16 சேர்க்கைகளில் பாதிக்கு மேல் நடக்கவே கூடாதவை. பணம் வராமலே அனுப்பியது, அனுப்பிய பிறகு ரத்து என்பது மாதிரி. எல்லாவற்றையும் ஒரே ஸ்டேட் (ஆர்டர் இப்போது இருக்கும் நிலை) ஃபீல்டாக்க டயகிராம் வரைகிறேன்: கட்டம் ஒரு ஸ்டேட், அம்பு ஒரு மாற்றம். 11 கட்டங்கள் வந்துவிட்டன, ஏறக்குறைய எல்லாவற்றிலிருந்தும் 'ரத்து'க்கு ஒரு அம்பு. 15 நிமிடத்துக்குள் பணம் வராவிட்டால் ஆர்டர் தானாக ரத்தாக வேண்டும். கார்டு 3 முறை தோற்றாலும் அப்படியே. இதை எப்படி ஒழுங்காக வரைவது?

பதில் 1

முதலில் கட்டங்களைக் குறையுங்கள். இரண்டு கட்டங்கள் எந்த ஈவென்ட் ('பணம் வந்தது' மாதிரியான நிகழ்வு) வந்தாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும் என்றால் அவை ஒரே ஸ்டேட். 'கூப்பன் போட்டது', 'முகவரி மாற்றியது' இரண்டும் ஸ்டேட் அல்ல, வெறும் டேட்டா. தேவைப்படும் இடத்தில் நிபந்தனையாக (guard) அம்பின் மேல் எழுதினால் போதும்.

ரத்து அம்புகளுக்குக் கூட்டு ஸ்டேட் (பல ஸ்டேட்களை உள்ளடக்கிய பெரிய கட்டம்) இருக்கிறது. கணினி விஞ்ஞானி டேவிட் ஹாரெல் 1987இல் ஸ்டேட்சார்ட் என்ற வரைபட முறையை முன்வைத்ததே இந்த அம்புக் காட்டை அடக்கத்தான். மென்பொருள் வரைபடங்களுக்கான பொதுக் குறியீடான யுஎம்எல் அதைப் பின்னர் எடுத்துக்கொண்டது. கையிருப்பு ஒதுக்கல், பணக் காத்திருப்பு, பேக்கிங் மூன்றையும் 'அனுப்பும் முன்' என்ற பெரிய கட்டத்துக்குள் வையுங்கள். அதன் விளிம்பிலிருந்து ரத்துக்கு ஒரே அம்பு. பேக்கிங்கில் மட்டும் பணம் ஏற்கெனவே வந்திருக்கும். அதனால் அங்கே ரத்து ஈவென்டுக்கு உள்ளிருந்து தனி அம்பு வரைந்து 'பணம் திருப்பல்' ஸ்டேட்டுக்குக் கொண்டு போங்கள். ஒரே ஈவென்டுக்கு உள்ளேயும் வெளியேயும் அம்பு இருந்தால் உள்ளே இருப்பதுதான் வெல்லும்.

பதில் 2

மேலே சொன்னது சரி. டைமரில்தான் பலரும் வழுக்குகிறார்கள், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

15 நிமிடக் கணக்கு பணக் காத்திருப்புக்குள் நுழையும்போது தொடங்கும், வெளியேறும்போது நிற்கும். கார்டு தோல்வியை அந்தக் கட்டத்திலிருந்து கிளம்பி அதற்கே திரும்பும் அம்பாக வரைந்தால், ஒவ்வொரு தோல்விக்கும் எக்ஸிட், என்ட்ரி (வெளியேறும்போதும் நுழையும்போதும் ஓடும் செயல்கள்) இரண்டும் மறுபடி ஓடும். டைமர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், ஒதுக்கிய சரக்கு 15 நிமிடத்தைத் தாண்டியும் பூட்டியே கிடக்கும். அம்பு வேண்டாம். கட்டத்துக்குள்ளேயே உள் மாற்றமாக (கட்டத்தை விட்டு வெளியேறாத மாற்றம்) எழுதுங்கள். அடைப்புக்குள் இருப்பது நிபந்தனை, சாய்கோட்டுக்குப் பின் இருப்பது செயல்:

கார்டு தோல்வி [முயற்சி < 2] / முயற்சி++

வெளியே போகும் அம்பில்:

கார்டு தோல்வி [முயற்சி >= 2]

3 என்று போடாமல் 2 என்று போட்டதற்குக் காரணம் உண்டு. நிபந்தனையைப் பார்த்த பிறகுதான் செயல் ஓடும். முயற்சி 0இல் தொடங்கும்போது '< 3' என்று எழுதினால் முதல் மூன்று தோல்விகளும் உள்ளேயே கழிந்து, நான்காவதில்தான் ரத்தாகும். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து எல்லா மதிப்பையும் மூட வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று விழவும் கூடாது. எந்த அம்பும் பொருந்தாத ஈவென்டை யுஎம்எல் விதிப்படி சத்தமில்லாமல் தூக்கிப்போட்டுவிடுவார்கள். எரர் கூட வராது. நிபந்தனைக்குள் டேட்டாபேஸில் எழுதுவது போன்ற வேலையை வைக்கவே வைக்காதீர்கள்.

பதில் 3

அந்தச் சத்தமில்லாத இழப்பைப் பிடிக்க, டயகிராமோடு ஒரு டேபிளும் போடுங்கள். வரிசையில் ஸ்டேட்கள், பத்தியில் ஈவென்ட்கள், ஒவ்வொரு கட்டத்திலும் மாற்றம், புறக்கணி, பிழை மூன்றில் ஒன்று. ஒன்றும் காலியாக இருக்கக் கூடாது. 'ரத்து' வரிசையில் 'பணம் வந்தது' பத்தியைப் பாருங்கள். டைமர் முடிந்த அடுத்த நொடியில் பணம் வந்து சேரலாம். அங்கே 'புறக்கணி' என்று இருந்தால் வாடிக்கையாளர் பணம் மாட்டிக்கொள்ளும். 'பணம் திருப்பல்'தான் வர வேண்டும். பேக்கிங்கில் அதே பரிவர்த்தனை எண்ணோடு 'பணம் வந்தது' இரண்டாம் முறை வந்தால் மட்டும் புறக்கணிக்கலாம்.

இன்னொன்று: ஒரு ஈவென்டை முழுக்க முடித்த பிறகே அடுத்ததைத் தொடும் என்பது டயகிராமின் அனுமானம். இரண்டு சர்வர்கள் ஒரே ஆர்டரைத் தொடும்போது அது தானாக அமையாது. ஸ்டேட்டை அப்டேட் செய்யும்போது, பழைய ஸ்டேட் இன்னும் அதுவேதானா என்பதையும் SQL கட்டளையின் WHERE நிபந்தனையில் சேருங்கள். 0 வரிசைகள் மாறியிருந்தால் வேறொரு சர்வர் முந்திவிட்டது. மறுபடி படித்து, புது ஸ்டேட்டுக்கு டேபிளில் என்ன இருக்கிறதோ அதைச் செய்யுங்கள். மெயில், பணம் திருப்பும் அழைப்பு போன்றவற்றை அந்த அப்டேட் நடக்கும் டேட்டாபேஸ் டிரான்ஸாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத தொகுப்பு) நேரடியாக ஓட்டாமல், அதே டிரான்ஸாக்ஷனில் ஒரு வேலைப் பட்டியல் டேபிளில் எழுதி, பிறகு தனியாக அனுப்புங்கள். அனுப்புவது பாதியில் நின்று மறுபடி ஓடலாம் என்பதால் இரண்டாம் முறை வந்ததை அடையாளம் காண ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி எண் கொடுங்கள்.