அப்டேட்: அம்மா அப்பாவ பெரிய ரெஸ்டாரன்ட் கூட்டிட்டுப் போனேன்

அம்மா அப்பா கல்யாண நாளுக்கு வேலூர்ல ஒரு பெரிய ரெஸ்டாரன்ட் போலாமா, காசுக்கு ஒர்த்தான்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல, போய்ட்டு வந்துட்டோம். இடம் அழகு, ஆனா பிரியாணி பாஸ்மதில, கூட கத்திரிக்கா தொக்கும் கெடையாது, ஆம்பூர் இவ்ளோ பக்கத்துல வெச்சுகிட்டு சீரக சம்பா இல்லாம தர்றது எனக்கு மனசே ஆறல, அப்பா ரெண்டு வாய் சாப்ட்டுட்டு போதும்னுட்டார்.

பில்லுல 10% சர்வீஸ் சார்ஜ் வேற. அத தானா சேக்கக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லயே சொல்லிருக்கு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் உறுதி பண்ணிருச்சு, பொறுமையா சொன்னேன், எடுத்துட்டாங்க. எடுக்கலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணுங்க.

அம்மாவுக்கு அந்த எளநி ஐஸ்கிரீம் மட்டும் ரொம்ப புடிச்சிருச்சு, இன்னும் அதப்பத்தியே பேசிட்டிருக்காங்க.