டைமர் வைத்தும் பயனில்லை: படிக்கப் போன் வேண்டும், கவனமும் சிதறக் கூடாது

தேன்சிட்டு:
தேர்வுக்குப் படிக்கப் போன்தான் கருவி. பிடிஎஃப் பாடங்கள், அகராதி, யூடியூப் வகுப்புகள், வாட்ஸ்அப் குழுவில் வரும் வினாத்தாள்கள் எல்லாம் அதில்தான். யூடியூபுக்கு 30 நிமிட டைமர் வைத்தால் வகுப்பு ஓடும்போதே பூட்டிக்கொள்கிறது. டைமரை எடுத்துவிட்டால் ஷார்ட்ஸ் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆண்ட்ராய்டு போன். வீட்டிலிருந்து வரும் அழைப்பு மட்டும் தவறக் கூடாது. எங்கிருந்து தொடங்கலாம்?

கல்வெட்டு:
டைமருக்கு நிமிடக் கணக்குதான் தெரியும், ஓடுவது பாடமா ஷார்ட்ஸா என்று தெரியாது. படிப்புக்கும் பொழுதுபோக்குக்கும் ஒரே செயலி என்றால் அது உதவாது. நீங்கள் அடைக்க வேண்டியது யூடியூபின் முகப்பை.

யூடியூப் செட்டிங்ஸில் வாட்ச் ஹிஸ்டரியை (நீங்கள் பார்த்த வீடியோக்களின் பதிவு) நிறுத்துங்கள். பழைய ஹிஸ்டரியையும் முழுதாக அழித்துவிடுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். 2023 ஆகஸ்டில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, ஹிஸ்டரி நிறுத்தப்பட்டு, பழைய பதிவும் சொல்லும்படி இல்லாத கணக்குக்கு முகப்பில் பரிந்துரை வருவதில்லை. தேடிப் பார்க்கலாம், சந்தா செய்த சேனல்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான். அடுத்து, பிளேயரின் மேலே உள்ள ஆட்டோபிளே பொத்தானை அணையுங்கள். வாரத்துக்கு வேண்டிய வகுப்புகளை ஒரே நாளில் தேடி எடுத்து ஒரு பிளேலிஸ்டில் சேர்த்துவிட்டால், படிக்கும் நேரத்தில் தேடல் பெட்டியைத் தொடவே வேண்டாம். வழி தவறுவது பெரும்பாலும் தேடும்போதுதான்.

ஒரு ஓட்டை மீதி இருக்கும்: வீடியோவுக்குக் கீழே வரும் தொடர்புடைய வீடியோக்கள். முழுத்திரையில் பாருங்கள்.

தேன்சிட்டு:
நன்றி. ஹிஸ்டரி இல்லையென்றால், பாதியில் நிறுத்திய வகுப்பு விட்ட இடத்திலிருந்து தொடங்குமா?

கல்வெட்டு:
தொடங்காது, அந்த வசதி ஹிஸ்டரியை நம்பியது. நிறுத்தும்போது நிமிடத்தை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பெடுக்கும் பக்கத்தின் ஓரத்தில் "23:40" என்று எழுதி வைத்தால், பிறகு திருப்பிப் பார்க்கவும் அதுவே உதவும்.

நிழற்குடை:
அறிவிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு 8 முதல் ஒரே செயலிக்குள் அறிவிப்புகள் வகைவகையாகப் பிரிந்திருக்கும். வந்த அறிவிப்பை அழுத்திப் பிடித்தால் அந்த வகையை மட்டும் அணைக்கலாம். வாட்ஸ்அப்பில் தனி மெசேஜும் குழு மெசேஜும் வேறு வேறு வகை. குழுவை ஓசையில்லாமல் வைப்பதோடு நிறுத்திவிடாமல், ஆர்க்கைவிலும் (பட்டியலிலிருந்து ஒதுக்கிவைக்கும் இடம்) போடுங்கள். புது மெசேஜ் வந்தாலும் அது பட்டியலின் மேலே ஏறாது. உங்கள் பெயரைச் சுட்டினாலோ உங்களுக்குப் பதில் எழுதினாலோ மட்டும் தெரியவரும்.

வீட்டு அழைப்புக்கு: அந்த எண்களுக்குத் தொடர்புப் பட்டியலில் நட்சத்திரம் போட்டு, 'தொந்தரவு செய்யாதே' அமைப்பில் நட்சத்திரத் தொடர்புகளின் அழைப்பை அனுமதியுங்கள். அதிலேயே, 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பவரை அனுமதிக்கும் வசதியும் உண்டு. வேறு எண்ணிலிருந்து அவசரமாக அழைத்தால் கைகொடுக்கும். வீட்டாரிடம் சாதாரண அழைப்பில் கூப்பிடச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் அழைப்பை எல்லாப் போன்களும் இந்த விலக்கில் சேர்ப்பதில்லை.

போன் செட்டிங்ஸில் உள்ள டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியில் டைமருக்குப் பதில் ஃபோகஸ் மோடை எடுங்கள். சமூக ஊடகம், விளையாட்டு, ஷாப்பிங் ஆகியவற்றைத் தேர்ந்து, படிக்கும் நேரத்துக்கு அட்டவணை போட்டால் அது தானாகவே இயங்கும். அந்நேரம் அந்தச் செயலிகள் திறக்காது, அறிவிப்பும் காட்டாது. வாட்ஸ்அப்பையும் சேர்ப்பதானால் வினாத்தாளை முன்பே இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பத்தாவது நிமிடமே மோடை அணைக்க வேண்டிவரும், பிறகு அது அணைந்தபடியே கிடக்கும்.

முகில்77:
மேலே சொன்னவை சரி. முதல் திரையையும் ஒழுங்கு செய்யுங்கள்: பிடிஎஃப், அகராதி, நோட்ஸ், காலண்டர் போதும். மற்றவற்றை அங்கிருந்து நீக்கி, பெயர் தட்டித் தேடினால்தான் கிடைக்கும்படி வையுங்கள். விரல் பழக்கத்தில் போய்த் தொடும் இடம் காலியாக இருந்தால் ஒரு நொடி யோசிக்க நேரம் கிடைக்கும்.

திரையைக் கறுப்பு வெள்ளையாக்கச் சொல்வார்கள். வரைபடமும் வண்ணப் படமும் உள்ள பாடத்துக்கு அது இடைஞ்சல், இரவு உறங்கும் நேர மோடில் மட்டும் வைக்கலாம்.

படிக்கும்போது "இதை இப்பவே பார்த்துடலாம்" என்று எதுவும் தோன்றினால் போனில் தேடாமல் தாளில் எழுதிவையுங்கள். பிடிஎஃபும் அகராதியும் இணையமில்லாமல் வேலை செய்யும்படி இறக்கி வைத்திருந்தால், வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டே படிக்கலாம். விமானப் பயன்முறை மட்டும் வேண்டாம், அழைப்பும் நின்றுவிடும்.