கோடியின் 2024-ஆ, பிரையனின் 2014-ஆ? ரெசில்மேனியாவுக்குப் போன கதைகளில் எது பெரியது?

கடலைமிட்டாய்

நேற்று டீக்கடையில் நண்பனோடு ஆரம்பித்த வாக்குவாதம் வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. தோற்றவன் டீக் காசு கொடுக்க வேண்டும் என்று பந்தயம். அதனால் இங்கே கொண்டு வருகிறேன். என் கட்சி இதுதான்: டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தக் கம்பெனியின் ஆண்டுப் பெருவிழாவான ரெசில்மேனியாவுக்கு முன்னால் நடந்த பகைக் கதைகளில் 2024-இல் கோடி ரோட்ஸ், ரோமன் ரெய்ன்ஸ், ராக் மூவருக்கும் நடந்ததற்கு ஈடு இல்லை. 2014-இல் டேனியல் பிரையனுக்கு நடந்ததை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது கதையாகவே படவில்லை. கிழிந்த இடத்தில் போட்ட ஒட்டு, அவ்வளவுதான்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. கோடியின் அப்பா டஸ்டி ரோட்ஸ் பெரிய ஆள், ஆனால் கடைசிவரை இந்தக் கம்பெனியின் உலக டைட்டிலை வெல்லவில்லை. அந்தக் கதையை முடிக்கிறேன் என்று மகன் வந்தார். 2023 ரெசில்மேனியாவில் ரோமன் கும்பலைச் சேர்ந்த சோலோ சிகோவா குறுக்கே புகுந்ததால் சாம்பியன் ரோமனிடம் தோற்றார். 2024 ஜனவரி 27 அன்று மறுபடியும் ராயல் ரம்பிளை வென்றார் (முப்பது பேர் எண் வரிசையில் உள்ளே வந்து மோதுவது, வென்றவருக்கு ரெசில்மேனியாவில் டைட்டில் போட்டி). சரி, இந்த முறை முடித்துவிடுவார் என்று பார்த்தால், பிப்ரவரி 2 ஸ்மாக்டவுன் வார நிகழ்ச்சியில் "ரோமனை வீழ்த்துவேன், ஆனால் ரெசில்மேனியாவில் இல்லை" என்கிற மாதிரி பேசிவிட்டு, ராக்குக்கு வழிவிட்டு இறங்கிப் போனார். ரசிகர்கள் கொதித்தார்கள். 'எங்களுக்குக் கோடி வேண்டும்' என்று இணையம் முழுக்க ஒரே சத்தம். ஆறே நாளில், பிப்ரவரி 8 அன்று லாஸ் வேகஸ் செய்தியாளர் சந்திப்பில் கோடி திரும்பி வந்து ரோமன்தான் வேண்டும் என்றார். ராக் அவரை ஓங்கி அறைந்தார். அந்த அறையோடு ராக் ஹீல், அதாவது வில்லன். அதன் பிறகு இரண்டு மாதம் ஒரு வாரம்கூட நான் விடவில்லை.

ஆட்டுத்தாடி

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும் நான் தாடிக்காரர் பிரையன் கட்சி என்று. ஒட்டு என்று சொன்னீர்களே நண்பரே, அந்த ஒட்டுதான் கதை.

2013 ஆகஸ்ட் 18, சம்மர்ஸ்லாம். பிரையன் சாம்பியன் ஜான் சீனாவைச் சுத்தமாக வீழ்த்தி டைட்டிலை வாங்குகிறார். நடுவராக நின்ற டிரிபிள் ஹெச், கதையில் கம்பெனியின் முதலாளி, பெடிகிரீ என்கிற தன் அடியைப் போட்டு அவரைக் கவிழ்க்கிறார். எப்போது வேண்டுமானாலும் டைட்டில் போட்டி கேட்கிற உரிமை வைத்திருந்த ராண்டி ஆர்ட்டன் வந்து பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு போகிறார். முதலாளிகள் சொன்ன காரணம், நீ நல்ல ஆட்டக்காரன்தான், ஆனால் 'பி பிளஸ்', கம்பெனியின் முகமாக இருக்க லாயக்கில்லை. அடுத்த மாதம் மறுபடி வென்றார். மறுநாளே நடுவர் வேகமாக எண்ணிவிட்டார் என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இதுவரை ஸ்கிரிப்ட். இதற்கு அப்புறம் நடந்ததைப் பாருங்கள். டிசம்பர் 9, சியாட்டில். சீனாவும் ஆர்ட்டனும் பெல்ட்டுகளோடு நிற்கிறார்கள், பழைய சாம்பியன்கள் எல்லாம் ரிங்கைச் சுற்றி நிற்கிறார்கள். பிரையன் அந்த மாநிலத்துக்காரர், ஓரமாக நிற்கிறார். கூட்டம் அவர் பெயரைக் கத்தத் தொடங்கியது, யாராலும் பேசவே முடியவில்லை. அந்தச் சத்தம் ஸ்கிரிப்டில் இல்லாதது. 2014 ஜனவரி 26, பிட்ஸ்பர்க், ராயல் ரம்பிள். பிரையன் முதல் போட்டியிலேயே பிரே வயட்டிடம் தோற்றுவிட்டார். இருந்தாலும் 30-ஆம் எண்ணில் வருவார் என்று எல்லோரும் நாற்காலி நுனியில். மணி அடித்தது. வந்தது ரே மிஸ்டீரியோ! ஊரே நேசிக்கிற ரே மிஸ்டீரியோவைக் கூட்டம் 'பூ' என்று கூச்சலிட்டு விரட்டியது. பாவம், அந்த மனிதர் என்ன செய்தார்? பட்டிஸ்டா வென்றார், அவருக்கும் அதே பூ. நல்லவனாகத் திரும்பக் கூட்டி வந்த ஆளுக்கு முதல் வாரமே இந்த வரவேற்பு. மறுநாள் இன்னொரு நட்சத்திரமான சி.எம். பங்க் கம்பெனியை விட்டே போய்விட்டார்.

பட்டிஸ்டா - ஆர்ட்டன் மெயின் ஈவென்ட்தான் திட்டம். அந்தத் திட்டத்தைத் தொண்டையாலேயே உடைத்தார்கள். இதற்கு மேல் என்ன கதை வேண்டும்?

கடலைமிட்டாய்

உணர்ச்சி எல்லாம் சரி. ஆனால் நீங்கள் சொல்வது விபத்தின் வரலாறு. கதை எழுதுகிறவர்கள் எழுதியது என்ன? மார்ச் 10 அன்று மெம்ஃபிஸில் பிரையன் சட்டை போட்ட கூட்டம் ரிங்கை ஆக்கிரமித்தது என்று எல்லோரும் புல்லரிக்கிறீர்கள். கம்பெனி அனுமதி இல்லாமல் அத்தனை பேர் தடுப்பைத் தாண்டி ரிங்குக்குள் போய்விட முடியுமா? அதுவும் ஸ்கிரிப்ட்தான். உங்கள் புரட்சியையே வாங்கி உங்களுக்கே டிக்கெட் போட்டு விற்றார்கள்.

ஸ்பியர்_செல்வி

இரண்டு பேரும் ஆண்டுக் கணக்கில் ஒருத்தரை மறந்துவிட்டீர்கள். ரோமன் 2020 ஆகஸ்ட் 30 அன்று வாங்கிய பெல்ட்டை 1,316 நாள் கழித்துத்தான் விட்டார். கோடி வென்றபோது நீங்கள் குதித்தீர்களே, அந்தக் குதிப்புக்கு விலை கொடுத்தது அந்த 1,316 நாள். 2014-இல் ஆர்ட்டனிடம் பெல்ட் இருந்ததா இல்லையா என்பதே யாருக்கும் ஞாபகம் இல்லை. வில்லன் பெரிய ஆளாக இல்லாவிட்டால் நாயகன் யாரை வென்று என்ன?

ஆட்டுத்தாடி

செல்வி, 2014-இல் வில்லன் ஆர்ட்டன் இல்லை. வில்லன் டிரிபிள் ஹெச்சும் அவர் மனைவி ஸ்டெஃபனியும். வேலை தெரிந்தவனை மேலே வரவிடாத முதலாளி. அந்த வில்லனை நம் ஊரில் மாதச் சம்பளம் வாங்குகிற எவனுக்கும் அறிமுகப்படுத்தவே வேண்டாம். எனக்கும் இருந்தார் ஒருவர், பெயர் வேண்டாம்.

கடலைமிட்டாய்க்கு: மெம்ஃபிஸ் காட்சி ஸ்கிரிப்ட் என்பதை யார் மறுத்தார்? பிட்ஸ்பர்க்கின் பூ ஸ்கிரிப்ட் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் மெம்ஃபிஸை எழுதினார்கள். உங்கள் 2024-இல் ராக் யார்? ஜனவரி 23 அன்று கம்பெனியின் தாய் நிறுவனமான டிகேஓவின் இயக்குநர் குழுவில் உட்கார்ந்தவர். அடுத்த பத்து நாளில் கோடியின் இடத்தில் நிற்கிறார். முதலாளியே நாயகன் இடத்தைப் பிடித்தார், எதிர்ப்பு வந்ததும் முதலாளியே வில்லனாகவும் ஆனார். கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு எதில் நஷ்டம்? இரண்டு இரவு நடந்த ரெசில்மேனியாவின் முதல் இரவு மெயின் ஈவென்ட்டில் அவரும் ரோமனும்தான் ஜெயித்தார்கள்.

கடலைமிட்டாய்

அங்கேதான் நான் உங்களைப் பிடிக்கிறேன். ராக் ஜெயித்ததால்தான் இரண்டாம் இரவு, ரோமன் கும்பலின் பெயரில், 'பிளட்லைன் விதிகள்'. அதாவது எதற்கும் தடை இல்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். கோடி முதல் இரவு ஜெயித்திருந்தால் பிளட்லைன் ஆட்கள் பக்கத்திலேயே வரக்கூடாது. ஒரு தோல்விக்கு இவ்வளவு பொருள் வேறு எங்கே இருந்தது? மார்ச் 25, சிகாகோ: மழையில் கோடியை ராக் ரத்தம் வர அடித்து, அவர் அம்மாவைக் குறித்து எழுத்துப் பொறித்த பெல்ட்டில் அந்த ரத்தத்தைத் தடவுகிறார். ரசிகர்களை அழுமூஞ்சிகள் என்று கேலி செய்கிறார். ஊரே நேசித்த ராக்கை இரண்டே மாதத்தில் நான் வெறுத்தேன். ஏப்ரல் 7, ஃபிலடெல்ஃபியா: ஜான் சீனா வருகிறார், முன்பு ரோமனோடு சேர்ந்திருந்த ஷீல்டு அணியின் உடையில் செத் ராலின்ஸ் வருகிறார், அண்டர்டேக்கர் வந்து ராக்கைத் தூக்கிப் போடுகிறார். செத்தை அந்த உடையில் பார்த்ததும் ரோமன் தடுமாறினார் பாருங்கள். பத்து வருஷத்துக்கு முன் செத் நாற்காலியால் அடித்து ஷீல்டை உடைத்தது ஞாபகம் வந்து, கையில் இருந்த நாற்காலியால் கோடியை விட்டுவிட்டு செத்தை அடித்தார். அந்த ஒரு அடியில்தான் ஆட்டமே போனது. எழுதியவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

பழைய_விசிஆர்

தம்பிமார்களே, இத்தனை மழை, ரத்தம், இயக்குநர் குழு எல்லாம் எதற்கு? ஒரு கோப்பை போதும்.

1987 ஜனவரி. ஹல்க் ஹோகன் மூன்று வருஷம் சாம்பியனாக இருந்ததற்கு ஒரு பெரிய கோப்பை கொடுத்தார்கள். ஆண்ட்ரே த ஜயன்ட் வந்து வாழ்த்திவிட்டுப் போனார். அடுத்து, பதினைந்து வருஷம் தோற்காமல் இருந்ததற்கு ஆண்ட்ரேவுக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள். அது சின்னது. அந்த விழாவையும் ஹோகன் நடுவில் வந்து வாழ்த்து சொல்லித் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டார். ஆண்ட்ரே பேசாமல் எழுந்து போனார். பிறகு வில்லன் மேனேஜர் பாபி ஹீனனோடு வந்து சவால் விட்டு, ஹோகன் சட்டையைக் கிழித்தார், கழுத்தில் இருந்த சிலுவையும் அறுந்து போனது. மார்ச் 29, பான்டியாக் சில்வர்டோம், 93,173 பேர் என்று கம்பெனி சொன்னது. எண்ணிக்கையைப் பற்றி இன்றும் அடித்துக்கொள்கிறார்கள், அது வேறு சண்டை.

கல்யாண வீட்டில் மரியாதை குறைந்ததென்று பந்தியிலிருந்து எழுந்து போகிற பெரியப்பாவை நீங்கள் பார்த்ததில்லையா? ஆண்ட்ரே அதுதான்.

ஸ்பியர்_செல்வி

அண்ணே, அந்தப் பெரியப்பா உவமைக்கு ஒரு சல்யூட். அந்தக் காட்சியை இத்தனை நாள் சட்டை கிழிப்புக்காகவே பார்த்தேன். கோப்பை அளவை நான் கவனிக்கவே இல்லை.

21க்கு1

எல்லோரும் பில்டப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஆட்டுத்தாடி கொண்டாடுகிற அதே 2014 நிகழ்ச்சியில், நியூ ஆர்லியன்ஸில், அதிகம் பேசப்பட்டது எது? பிராக் லெஸ்னர் அண்டர்டேக்கரை வீழ்த்தியது. ரெசில்மேனியாவில் அண்டர்டேக்கருக்கு 21-0 என்றிருந்த வெற்றிக் கணக்கு 21-1 ஆனது. அதற்கு என்ன கதை இருந்தது? ஒப்பந்தம் போடும்போது அண்டர்டேக்கர் லெஸ்னர் கையில் பேனாவைக் குத்தி, கழுத்தைப் பிடித்துத் தூக்கி மேசையில் சோக்ஸ்லாம் போட்டார். மற்றபடி சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. லெஸ்னர் ஜெயிப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. அதனால்தான் மூன்று எண்ணியபோது அரங்கமே வாயடைத்துப் போனது. பலமான கதை இருந்திருந்தால் கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருப்போம், அந்த அதிர்ச்சி கிடைத்திருக்காது.

கடலைமிட்டாய்

இது நல்ல அடி. ஆனால் அதிர்ச்சி வேறு, பகை வேறு. லெஸ்னருக்கும் டேக்கருக்கும் நடுவில் எதற்காகச் சண்டை என்று ஒரே வரியில் சொல்லுங்கள் பார்ப்போம். முடியாது.

21க்கு1

முடியாது. சரி, அதை விடுங்கள். 2024-இல் உண்மையான பகை வேண்டுமென்றால் ட்ரூ மெக்கின்டயரும் சி.எம். பங்க்கும். பங்க் ரம்பிளில் கையைக் கிழித்துக்கொண்டு வந்து அழாத குறையாகப் பேசிக்கொண்டிருக்கிறார், ட்ரூ வந்து இதற்காகத்தான் பிரார்த்தனை செய்தேன் என்கிறார். அப்புறம் அதே ட்ரூ ரெசில்மேனியாவில் செத்தை வென்று டைட்டில் வாங்கிவிட்டு, சும்மா போகாமல் கமென்டரி மேசையில் இருந்த பங்க்கை வம்புக்கு இழுக்கிறார். பங்க் அடித்துப் போட்டார். ஆர்ட்டனைப் போலவே உரிமை வைத்திருந்த டேமியன் பிரீஸ்ட் வந்து பெல்ட்டை அள்ளிக்கொண்டு போனார். வாயால் கெட்டவன் கதை. அதற்கு யாரும் திரி திறக்க மாட்டீர்கள்.

சும்மா_எட்டிப்பார்த்தேன்

எல்லாம் முன்பே எழுதி வைத்ததுதானே? இதற்கா இவ்வளவு வாதம்?

பழைய_விசிஆர்

தெருக்கூத்தில் துரியோதனன் சாவான் என்பதும் முன்பே எழுதியதுதான் தம்பி. விடிய விடிய ஊரே உட்கார்ந்திருக்கும்.

ஆட்டுத்தாடி

கடலைமிட்டாய், ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஃபிலடெல்ஃபியாவில் அந்த நாற்காலி அடி என்னிடமும் வேலை செய்தது. அந்த அளவு நுணுக்கம் 2014 இறுதிப் போட்டியில் இல்லை. பிரையனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள், இறங்கி வந்தார், பட்டிஸ்டாவைப் பிடியில் மாட்டித் தோல்வி என்று தட்ட வைத்தார். அதே இரவில் முதல் போட்டியில் டிரிபிள் ஹெச்சையும் வென்றிருந்தார். எளிமையான கணக்கு.

ஆனால் திங்கட்கிழமை விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து, வீட்டில் யாரும் எழுந்துவிடக்கூடாதே என்று டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பிரையன் இரண்டு பெல்ட்டையும் தூக்கியபோது நானும் அவரைப் போல விரலை மேலே தூக்கிக்கொண்டு நின்றேன், சத்தம் போடாமல். அடுத்த மாதமே அவர் கழுத்துக்கு அறுவை சிகிச்சை, ஜூனில் பெல்ட்டே போய்விட்டது. கோடியோ ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார். கணக்குப் போட்டால் உங்கள் ஆள்தான் முன்னால். என் கட்சி மாறவில்லை.

கடலைமிட்டாய்

நண்பனிடம் இந்தத் திரியைக் காட்டினேன். உங்கள் பிட்ஸ்பர்க், என் சிகாகோ எதையும் அவன் படிக்கவில்லை. பழைய_விசிஆர் அண்ணன் எழுதியதை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு, அந்தக் கோப்பைக் காட்சியைத் தேடி எடுத்து டீக்கடைக்காரருக்கும் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறான். அவர் ஆண்ட்ரே கட்சி.

டீக் காசு நான்தான் கொடுத்தேன்.